வால் வைத்த பிக்கப்

எங்கள் மாப்பிள்ளையின் பிக்கப் வண்டிக்குத் தட்டு எட்டு அடி. டேப் வைத்து அளந்தவன் நான்தான். உலகத்தில் மனிதர்கள் வாங்குகிற நீளமான சாமான் எதுவும் எட்டு அடியோடு நிற்பதில்லை. தண்ணீர்க் குழாய் இருபது அடி. கூரைத் தகடு பத்து, இல்லையென்றால் பன்னிரண்டு. சவுக்குக் கம்பு தன் இஷ்டத்துக்கு வளர்ந்திருக்கும். வண்டி செய்தவர்கள் இதையெல்லாம் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

மாப்பிள்ளை மைசூரில் தேவராஜ மொஹல்லாவில் இரும்புக் கடைகள் இருக்கிற தெருவில் வண்டியை நிறுத்தி வாடகைக்கு ஓட்டுகிறார். முன்பெல்லாம் பின்கதவைத் திறந்து போட்டுக் குழாய்களை நீட்டிக்கொண்டு போவார். நுனியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். குழாய்கள் பின்னால் தொங்கி, ஒவ்வொரு வேகத்தடை ஹம்ப்பிலும் தரையை ஒரு தட்டுத் தட்டும். பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவனின் மூக்குக்கும் குழாய் நுனிக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று நான் மனத்துக்குள் அளந்துகொண்டே இருப்பேன். வண்டியில் நான் போகாத நாட்களிலும் அளப்பேன்.

"அப்பா, வீட்ல உக்காந்துக்கிட்டு ரோட்ல போறவன் மூக்க எதுக்கு அளக்கறீங்க?" என்பாள் மகள்.

நான் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நட்டும் போல்ட்டும் எண்ணிப் பழகிய கண் எதையும் எண்ணாமல் விடாது. வாசலில் எத்தனை ஜோடிச் செருப்பு கிடக்கிறது என்று தெரியாமல் என்னால் ஒரு வீட்டுக்குள் நுழைய முடியாது. ஒற்றைச் செருப்பு கிடந்தால் அன்றைக்கு உள்ளே போய்ப் பேசுவது எதுவும் காதில் ஏறாது.

அப்புறம்தான் வால் வந்தது.

வண்டியின் பின்பக்கம் தட்டுக்கு அடியில், சேஸிஸோடு சேர்த்து ஒரு சதுரக் குழாயைப் பற்றவைத்தார்கள். அதற்குள் செருகிக்கொள்ள இன்னொரு சதுரக் குழாய். செருகினால் நான்கு அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனி மேலே எழும்பித் தட்டின் மட்டத்துக்கு வந்து, அங்கே ஒரு குறுக்குக் கம்பியாக முடியும். சாமான் உருண்டு விழாமல் இருக்கக் கம்பியின் இரண்டு ஓரத்திலும் ஒரு சாண் உயரத்தில் இரண்டு கொம்புகள். ஓட்டைக்கு ஓட்டை நேராக வைத்து ஒரு பின்னைச் சொருகி, பின்னுக்கு ஒரு கிளிப்பைப் போட்டால் வேலை முடிந்தது. எட்டும் நான்கும் பன்னிரண்டு. வெளிநாட்டில் இதைக் கடையிலேயே விற்கிறார்களாம். மாப்பிள்ளை ஃபோனில் வீடியோ பார்த்துவிட்டு, வெல்டிங் கடையில் கூடவே உட்கார்ந்து செய்துகொண்டு வந்தார். அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தப் பேர் ஒரு நாள்கூடத் தங்கவில்லை.

"மாமா, வண்டிக்கு வால் மொளச்சிருச்சுங்க. வந்து பாருங்க" என்று வாசலில் இருந்து கூப்பிட்டார். அதோடு அது வால் ஆகிவிட்டது.

மாப்பிள்ளைக்குப் பூர்வீகம் மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் கௌதள்ளி, கொங்குத் தமிழ் பேசுகிற ஊர். 'ங்க' போடாமல் அவருக்கு ஒரு பேச்சு முடியாது. கோபம் வந்தால் இரண்டு 'ங்க' போடுவார்.

வால் வந்த பிறகு குழாய்கள் தொங்கவில்லை, தரையைத் தட்டவில்லை. ஸ்கூட்டர்காரர்களின் மூக்குகள் என் மனத்தைவிட்டுப் போயின. அந்த இடத்தில் பின்னும் கிளிப்பும் வந்து உட்கார்ந்துகொண்டன.

பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். கோல் ஊன்றித் தாண்டுகிறவள். அவள் அதைப் போல்வால்ட் என்பாள். "பேர்லயே வால் இருக்குதுங்களே மாமா" என்று மாப்பிள்ளை அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். குடும்பத்தில் வேறு யாரும் தரையைவிட்டு ஓர் அடி எழும்பியதாகச் சரித்திரம் இல்லை. இவள் மட்டும் ஒரு கோலை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள், குழியில் ஊன்றுகிறாள், தலைகீழாக மேலே போகிறாள், மெத்தையில் வந்து விழுகிறாள். நான் முதல்முறை மைதானத்தில் பார்த்தபோது அவள் விழுந்ததும் எழுந்து நின்று கையை ஆட்டினாள். கை இரண்டு, கால் இரண்டு என்று சரிபார்த்துவிட்டுத்தான் நானும் ஆட்டினேன்.

பெங்களூரில் ஒரு விளையாட்டு விடுதி இருக்கிறது. அங்கே இடம் கிடைத்தால் படிப்பும் பயிற்சியும் சாப்பாடும் அங்கேயே. அதற்கு ஏதாவது ஒரு திறந்த போட்டியில் மூன்று மீட்டர் தாண்டிய சான்றிதழ் வேண்டும். பயிற்சியில் இவள் மூன்று மீட்டரைப் பலமுறை தாண்டியிருக்கிறாள். போட்டியில் ஒரு தடவையும் இல்லை. விடுதிச் சேர்க்கை முடிவதற்குள் மிச்சமிருந்தது ஒரே ஒரு போட்டி. அது சேலத்தில்.

மைசூரில் இருந்து சேலத்துக்குப் பதிமூன்று அடிக் கோலை எப்படிக் கொண்டுபோவது? ரயில் பெட்டியின் வாசலில் நுழைந்தால் உள்ளே திரும்பாது. பஸ்ஸில் கேட்டால் கண்டக்டர் கோலைப் பார்க்கமாட்டார், நம் முகத்தைப் பார்ப்பார்.

"நம்ம வால் இருக்கறப்போ எதுக்குங்க ரயிலு?" என்றார் மாப்பிள்ளை. "அப்படியே மாதேஸ்வரன் மலை, பாலாறு, மேட்டூர்னு போயிரலாமுங்க."

கோல்கள் இரண்டு. ஒன்று பதிமூன்று அடி, பயிற்சியாளர் இரவல் கொடுத்தது. இன்னொன்று பன்னிரண்டு அடி, இவளுடைய சொந்தக் கோல், பழையது. கோலுக்கும் ஆளின் எடைக்கும் ஒரு கணக்கு உண்டு. எடைக்குத் தகுந்த விறைப்பு கோலில் இருக்கவேண்டும். பேத்தி வளர்ந்துவிட்டாள், பழைய கோல் வளரவில்லை. ஊன்றினால் பிடித்து நிற்காமல் வளைந்துகொடுத்துவிடும். அதனால் எல்லா நம்பிக்கையும் இரவல் கோலின் மேல்தான். பயிற்சியாளர் அதே நாளில் வேறு பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போகவேண்டியிருந்தது. வீட்டுக்கே வந்து கோலைக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். இது இரும்பில்லை, கண்ணாடி நாரால் ஆனது, உடம்பில் கீறல் விழக்கூடாது, கீறல் விழுந்த கோல் வளையும்போது அந்த இடத்தில் முறியலாம்.

இதை ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கவே கூடாது.

விடிந்ததும் வாசலில் ஏற்றினோம். கோல்களுக்குப் பழைய ஃப்ளெக்ஸ் பேனரில் உறை தைத்திருந்தாள் மகள். எந்தத் தேர்தல் பேனரோ, கும்பிட்டபடி ஒருவர் பதிமூன்று அடிக்கு நீண்டிருந்தார். தட்டில் எட்டு அடி, வாலில் நான்கு அடி, வெளியே ஓர் அடி. அந்த ஓர் அடியில் சிவப்புத் துணி. முன்பக்கம் நானும் மாப்பிள்ளையும் நின்றோம். வால்பக்கம் பேத்தி. கோல் போய் உட்காரும் குறுக்குக் கம்பியில் அவள் பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு அது போதும் என்று தோன்றவில்லை. மெத்தென்று இருக்கட்டும் என்று ஸ்டோர்க்காரன் புத்தியோடு இரண்டு கோணிகளைத் தேடி எடுத்துக் கேட்டோரம் போட்டு வைத்திருந்தேன். மாப்பிள்ளை எஞ்சினை ஓடவிட்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு மேலே நான் கத்தினேன்.

"சாக்கு! சாக்கு!"

"ஆய்த்து தாத்தா!" என்றாள் பேத்தி. ஆச்சு என்கிறாள். கன்னடமும் தமிழும் அவளிடம் ஒரே வாளித் தண்ணீர். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. தார்ப்பாயைப் போர்த்திக் கட்டினோம். நான் சுற்றி வந்து முடிச்சுகளை எண்ணினேன். எட்டு. எல்லாம் இறுக்கம். பின், கிளிப், சிவப்புத் துணி. தார்ப்பாய்க்கு அடியில் கையைவிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

நரசிபுரம் வரைக்கும் ஹம்ப்புகளை எண்ணினேன். ஒவ்வொன்றுக்கும் "மெதுவா, மெதுவா" என்றேன். பாதி தூரத்தில் மாப்பிள்ளை எனக்கு முந்திக்கொண்டு "மெதுவாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓட்ட ஆரம்பித்தார். பேத்தி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். கொள்ளேகாலில் தட்டு இட்லி. அவள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

"இன்னொண்ணு சாப்பிடு."

"பேடா தாத்தா, வேண்டாம். வெயிட் ஏறுது."

"ஒரு இட்லியில என்ன ஏறும்?"

"அந்த ஒரு இட்லியையும் நான்தானே மேல தூக்கணும்?"

கௌதள்ளியில் டீ குடிக்க நிறுத்தினோம். மாப்பிள்ளையைத் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் வண்டியைச் சுற்றிக்கொண்டார்கள்.

"என்றா இது, போர்வெல் குழாயா?"

"இல்லீங்ணா."

"அப்பக் கொடிக்கம்பம். கும்பிட்டுட்டு ஒருத்தரு படுத்திருக்கறாரு பாரு."

"எம்பொண்ணு இத ஊனிக்கிட்டு மூணு மீட்டரு தாண்டுவாளுங்க" என்றார் மாப்பிள்ளை.

கூட்டம் கொஞ்சம் யோசித்தது. ஒரு பெரியவர் பேத்தியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தாண்டி அந்தப் பக்கம் என்ன கண்ணு இருக்குது?" என்று கேட்டார். அவருக்கு அது உண்மையான சந்தேகம். "மெத்தை இருக்குது" என்றாள். "அப்பச் சரி" என்று அவர் டீயை வாங்கிக்கொண்டார்.

மலைப்பாதையில் வளைவுகளை எண்ணத் தொடங்கினேன். ஒரு வளைவில் மாடுகள் குறுக்கே வந்து கணக்கு விட்டுப்போனது. வண்டி திரும்பும்போது முன்பக்கம் ஒரு பக்கம் போகும், வால் எதிர்ப்பக்கமாக வீசும். எதிரே வந்த பஸ் டிரைவர் வாலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, ஜன்னல் வழியாக எங்களை ஏதோ சொன்னார். கன்னடத்தில்தான். எனக்குப் பாதிதான் புரிந்தது, மீதியைப் பேத்தி மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

பாலாறு செக்போஸ்ட்டில் வனக் காவலர் கையைக் காட்டினார். நல்ல உயரம், நல்ல மீசை. வண்டியைச் சுற்றி வந்தார். வாலின் கொம்பைத் தட்டிப் பார்த்தார். தார்ப்பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓர் அடியைக் குனிந்து பார்த்தார். காட்டு வழியில் நீளமாக மூடிக் கட்டிய எதுவும் அவர் கண்ணுக்கு ஒரே சாமான்தான்.

"பிதிரா?" என்று கேட்டார். மூங்கிலா என்கிறார்.

பேத்தி இறங்கிப்போய்க் கன்னடத்தில் விளக்கினாள். இது மூங்கில் இல்லை, ஃபைபர் கோல், இதை ஊன்றிக்கொண்டு உயரத்தில் வைத்த ஒரு கம்பைத் தாண்டவேண்டும்.

"எதுக்கும்மா தாண்டணும்? கம்புக்கு அடியில போனா ஆகாதா?"

"போட்டி சார்."

"எங்க யானைங்க கம்பு கிம்பு இல்லாமலே வேலியத் தாண்டுது. அதுங்களுக்கு யாரும் போட்டி வெக்கல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால், "பிரிச்சுக் காட்டு" என்பதையும் அதே சிரிப்போடு சொன்னார்.

எட்டு முடிச்சையும் அவிழ்த்தோம். தார்ப்பாயை விலக்கினோம். வால்பக்கம் போன பேத்தி அப்படியே நின்றுவிட்டாள்.

குறுக்குக் கம்பியில் சுற்றிய வேட்டிக் கிழிசல் நைந்து ஒதுங்கியிருந்தது. கும்பிட்ட மனிதரின் முழங்கைக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. உறையை உருவினாள். இரவல் கோலின் உடம்பில், சுண்டுவிரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கோடு. இரும்போடு உராய்ந்த கோடு. அவள் அதில் நகத்தை வைத்து இழுத்தாள். நகம் மாட்டி நின்றது.

"சாக்கு எங்கே?" என்றேன். "சாக்கு எங்கேம்மா?"

"என்ன சாக்கு?"

"கேட்டுக்கிட்ட போட்டு வெச்சேனே. சாக்கு, சாக்குன்னு கத்தினேனே!"

"ஹௌது, ஆமா, கத்தினே. அதான் நிறுத்தினேன்!"

"எதை நிறுத்தினே?"

"துணி சுத்தறத! இன்னும் ரெண்டு சுத்துச் சுத்தலாம்னு இருந்தேன். நீதான் சாக்கு சாக்குன்னே!"

மாப்பிள்ளைக்குத்தான் முதலில் விளங்கியது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு தட்டின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். கன்னடத்தில், சாக்கு மாதிரியே காதில் விழுகிற 'சாகு' என்றால் போதும் என்று அர்த்தம். பரிமாறுகிறவரிடம் இலைக்கு மேலே கையை நீட்டிச் சொல்கிற வார்த்தை. நான் கோணி கேட்டேன். எஞ்சின் சத்தத்தில் அவள் காதில் விழுந்தது 'போதும், போதும்'. அவளும் சொன்ன பேச்சைக் கேட்டுப் போதும் என்று முடிச்சுப் போட்டுவிட்டாள்.

"சாக்குன்னா சாக்குப்போக்குதானே தாத்தா? நம்ம வீட்ல கோணின்னுதானே சொல்வோம்?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"ரெண்டும் ஒண்ணுன்னா கோணின்னே சொல்லியிருக்கலாமே!"

காவலர் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பேத்தி அவருக்கு நடந்ததைச் சொன்னாள். அவர் மீசைக்குள் சிரிப்பு வந்து, கோலைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அறைக்குள் போய் இரண்டு கோணிப்பைகளைக் கொண்டுவந்து வால்மேல் போட்டார். "இன்னொன்னு வேணுமா?" என்றார். யாரும் சாகு என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினோம்.

மேட்டூர்ப் பக்கம் வந்துதான் ஃபோனில் சிக்னல் எடுத்தது. பேத்தி கோடு விழுந்த இடத்தைப் படம் எடுத்துப் பயிற்சியாளருக்கு அனுப்பினாள். அவர் கூப்பிட்டார். திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்புறம் அந்தக் கோலைத் தொடவேண்டாம் என்றார். இனி அது ஓடிப் பழகுவதற்கு மட்டும்தான் உதவும். பழைய கோலில் பிடியை ஒரு முஷ்டி கீழே இறக்கிக்கொள், அப்போது கொஞ்சம் விறைப்பாக நிற்கும் என்றார். கீழே பிடித்தால் மேலே போவது குறையாதா என்று நான் கேட்டேன். குறையும் என்றாள் பேத்தி. சேலம் போய்ச் சேரும்வரை அவள் காதில் பாட்டு மாட்டவில்லை.

மறுநாள் காலை மைதானம். பெண்கள் ஆறு பேர். கோல்கள் எத்தனை என்று எண்ணினேன். எங்களுடையதைச் சேர்த்து நான்கு. இரண்டு பேர் வெறுங்கையோடு வந்திருந்தார்கள், கொண்டுவர வழியில்லை. அதில் ஒருத்தி ராசிபுரம் பக்கத்துக் கிராமத்துப் பெண். முருங்கைக்காய் மாதிரி இருந்தாள். ஊரில் மூங்கில் கம்பை வைத்துத் தாண்டிப் பழகியவளாம். துணைக்கு அம்மா ஒரு தூக்குச் சட்டியோடு வந்திருந்தார். அந்தப் பெண் நேராக எங்களிடம் வந்தாள்.

"அக்கா, உங்க கோல நானும் எடுத்துக்கட்டுமா? நான் வெயிட்டு இல்லக்கா."

"எடுத்துக்கோ" என்றாள் பேத்தி.

நான் மாப்பிள்ளையின் காதில் சொன்னேன். "நம்மகிட்ட இருக்கறதே ஒண்ணு. அவ ஊனி அது போச்சுன்னா?"

"போனா வாலக் கழட்டிக் குடுத்தர்றேனுங்க, அத ஊனட்டும். சும்மா இருங்க மாமா."

ஒரு கோல், இரண்டு பெண்கள், ஒவ்வோர் உயரத்துக்கும் ஆளுக்கு மூன்று வாய்ப்பு. கோல் எத்தனை தடவை வளையவேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, வந்த விடை பிடிக்காமல் விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவை அது வளையும்போதும் என் முதுகு எதிர்ப்பக்கம் நிமிர்ந்தது.

முருங்கைக்காய்க்கு அந்தக் கோல் அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. ஓடினாள், ஊன்றினாள், அந்தப் பக்கம் இருந்தாள். பேத்திக்கு அப்படியில்லை. இரண்டு மீட்டர் எண்பதை முதல் வாய்ப்பில் தாண்டினாள். இரண்டு தொண்ணூறுக்கு இரண்டு வாய்ப்பு வேண்டியிருந்தது. கம்பை மூன்று மீட்டருக்கு ஏற்றினார்கள். கீழே இருந்து பார்க்க அது மூன்று மீட்டராகத் தெரியவில்லை, எங்கள் வீட்டு மொட்டைமாடிச் சுவராகத் தெரிந்தது.

முதல் வாய்ப்பு. மேலே போகும்போதே முழங்கால் இடித்துக் கம்பு விழுந்தது. இரண்டாவது வாய்ப்பு. இடுப்பு இடித்துக் கம்பு விழுந்தது. மெத்தையில் இருந்து எழுந்து வந்தவள் கையில் கிடந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டிக்கொண்டு யாரையும் பார்க்காமல் நின்றாள். மாப்பிள்ளை 'ங்க' போடுவதை நிறுத்தியிருந்தார். "விடுதி போச்சா?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். இன்னும் ஒரு வாய்ப்பு என்பது எனக்கு ஒன்று என்ற எண்ணாகத் தெரியவில்லை, பூஜ்யத்துக்கு முந்தினதாகத் தெரிந்தது.

அந்த ராசிபுரத்துப் பெண் மூன்று மீட்டரை ஏற்கெனவே தாண்டிவிட்டு, தூக்குச் சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே பேத்தியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்க ஏறும்போதே இடிக்கறீங்க."

"தெரியுது."

"இந்தக் கோலு இளசுக்கா. படக்குனு உள்ள தள்ளிவிட்ருது. நீங்க மேல போய்ச் சேர்றதுக்குள்ள கம்பு வந்துருது. அதப் பின்னால தள்ளி வெக்கச் சொல்லுங்க. நான் அப்படித்தான் சொன்னேன்."

"எவ்ளோ?"

"அவங்க விட்ற அளவுக்குக் கடைசி வரைக்கும்." புளிசாதத்தை விழுங்கினாள். "அப்பறம் பயப்படாம ஓடுங்க. கம்பு தள்ளிப் போயிட்டா அதுவே பாதி பயம் போயிரும்."

கம்பைத் தாங்குகிற கம்பங்களை மெத்தைப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்க ஆடுகிறவர்களுக்கு உரிமை உண்டாம். பயிற்சியில் எப்போதும் இரவல் கோலோடு ஒரே அளவில் வைத்துத் தாண்டியவள், அதை மாற்றவேண்டும் என்றே நினைக்கவில்லை. நடுவரிடம் போய்ச் சொன்னாள். அவர் இரண்டு ஆட்களைவிட்டுக் கம்பங்களை நகர்த்தினார்.

அவள் ஓடத் தொடங்கும் இடத்துக்குப் போய்க் கோலைத் தூக்கி நின்றபோது, பிடி அதுவரை போல ஒரு முஷ்டி கீழே இல்லை, பழைய இடத்துக்கே ஏறியிருந்தது என்பதைக் கவனித்தேன். மாப்பிள்ளையிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் ஓடிவிட்டாள். ஊன்றினாள். கோல் நான் பயந்தபடியே வளைந்தது, நான் பயந்ததைவிட அதிகமாக வளைந்தது, பிறகு நிமிர்ந்தது. கால், இடுப்பு, வயிறு எல்லாம் வரிசையாகக் கம்புக்கு மேலே போயின. நெஞ்சு லேசாக உரசிற்று. கம்பு ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது. அவள் மெத்தையில் மல்லாந்து கிடந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கொடி எழும்பியது.

மாப்பிள்ளை என் முதுகில் அடித்த அடி மைசூர் போய்ச் சேர்ந்தபிறகும் இருந்தது.

மூன்று பத்தைப் பேத்தி தாண்டவில்லை. மூன்று முறையும் சிரித்துக்கொண்டே கம்பைத் தள்ளிவிட்டு வந்தாள். ராசிபுரத்துப் பெண் அதையும் தாண்டி முதலாவதாக வந்தாள். சான்றிதழ் கைக்கு வந்ததும் பேத்தி அதில் எழுதியிருந்த உயரத்தை எனக்குக் காட்டினாள். நான் அதை மூன்று தடவை படித்தேன். புள்ளி சரியான இடத்தில்தான் இருந்தது.

வண்டியில் கோல்களை ஏற்றும்போது அவள் பழைய கோலைத் தனியே எடுத்து வைத்தாள்.

"விடுதியில கோல் கொடுப்பாங்க. எனக்கு இது சின்னதாயிடுச்சு" என்று அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். "நீயே வெச்சுக்கோ."

அந்தப் பெண் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "அய்யோ, வேண்டாங் கண்ணு" என்றார். பிறகு, "இதப் பஸ்ஸுல எவன் ஏத்துவான்?" என்றார். முதலில் சொன்ன வேண்டாமுக்கு அதுதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மாப்பிள்ளை வாலை இழுத்து நீட்டிப் பின்னைப் போட்டார். "ராசிபுரம் எவ்வளவு தூரமுங்க மாமா? போட்டுட்டுத் திரும்பிக்கலாமுங்க."

ராசிபுரம் தெற்கே. மைசூர் எதிர்ப்பக்கம். டீசல், மலைப்பாதை, இருட்டுவதற்குள் செக்போஸ்ட்டைக் கடக்கவேண்டும். சொல்வதற்கு என்னிடம் ஐந்து காரணம் இருந்தது. கோணிகளை எடுத்து வாலில் சுற்ற ஆரம்பித்தேன்.

வண்டியில் முன்னால் மூன்று பேருக்குத்தான் இடம். அம்மாவும் பெண்ணும் பஸ்ஸில் ஏறினார்கள், நாங்கள் கோலோடு பின்னால் போனோம். அந்தப் பெண் கடைசி சீட்டில் முழங்கால் போட்டுத் திரும்பி உட்கார்ந்து, பின்கண்ணாடி வழியாகக் கோலையே பார்த்துக்கொண்டு வந்தாள். வழி எங்களுக்குத் தெரியாது. அதனால் பஸ் நின்ற இடத்திலெல்லாம் நாங்களும் நின்றோம். ஆறாவது நிறுத்தத்தில் கண்டக்டர் இறங்கி எங்களிடம் வந்தார்.

"யாருங்க நீங்க? சேலத்துல இருந்து பஸ்ஸ ஒட்டிக்கிட்டே வர்றீங்க?"

"கடைசி சீட்டுல ஒரு பாப்பா இருக்குதுங்களே" என்றார் மாப்பிள்ளை, "அதோட லக்கேஜுங்க."

கண்டக்டர் பின்னால் போய்க் கோலை ஒரு நுனியில் இருந்து மறு நுனி வரை நடந்து பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். மறுபடி கோலைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டு, ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொண்டார்.

"லக்கேஜ் பின்னால வருதுண்ணே, பாத்து மெதுவாப் போங்க" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினார். "ரைட்!"